பசை தேடப் போனவர் கையில் சிக்கிய பிவிசி: யார் இந்த வால்டோ செமோன்?

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் நெடுஞ்சாலையில் மணப்பாறையைத் தாண்டினால் வையம்பட்டி. ஸ்ரீரங்கம் மாதிரி ரெண்டு பக்கமும் ஆறு ஓடுற ஊர் இல்லை இது. மழையை நம்பியிருக்கும் பொன்னணியாறு அணை, போர்வெல், கூட்டுக் குடிநீர்க் குழாய் ஆகியவைதான் இந்தப் பகுதிக்குத் தண்ணீர் ஆதாரம்.

இங்கே ஒரு வீட்டுக்குள் தண்ணி வரணும்னா, வழி நெடுக பிளாஸ்டிக் பைப்தான். போரில் இறக்கும் கேசிங் பைப், மோட்டாரிலிருந்து தண்ணியை மேலே தூக்கும் பைப், மொட்டை மாடி டேங்கிலிருந்து இறங்கும் லைன், பாத்ரூம் சுவருக்குள் ஓடும் வெந்நீர் லைன் என்று பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவை பிவிசி, அதாவது பாலிவினைல் குளோரைடு குடும்பத்தைச் சேர்ந்தவை.

பிவிசியைக் கண்டுபிடித்தது யாருன்னு தேடினால், பல இடங்களில் வால்டோ செமோன் என்ற அமெரிக்க வேதியியலாளரின் பெயர் வரும். 1898-ல் பிறந்து, 1999-ல் தன் 100-வது வயதில் மறைந்தவர். ஆனால், அந்தப் பதில் பாதிதான் சரி. செமோன் பிவிசியைக் கண்டுபிடிக்கவில்லை. உங்க வீட்டு பைப்பையும் அவர் செய்யவில்லை. அப்புறம் ஏன் எல்லாரும் அவர் பெயரைச் சொல்றாங்க? அவர் என்னதான் செய்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

செமோனுக்கு முன்பே இருந்த பிவிசி

பிவிசிக்கு மூலப்பொருள் வினைல் குளோரைடு என்ற வாயு. இதை 1835-லேயே பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி விக்டர் ரெனோ தயாரித்துவிட்டார். 1872-ல் ஜெர்மனியின் ஆய்கன் பாவ்மன், இந்த வாயு வெயில் பட்டால் வெள்ளையான ஒரு திடப்பொருளாக மாறுவதைப் பதிவு செய்தார். அந்த வெள்ளைப் பொருள்தான் பிவிசி.

ஆனால், அதை வைத்து என்ன செய்வதுன்னு யாருக்கும் தெரியலை. சூடாக்கி அச்சில் வார்க்கலாம் என்றால், இளகுவதற்குள்ளேயே கருகத் தொடங்கும். கூடவே ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவை வெளியே விடும். இளகாமல் விட்டால் கடினமாக, எளிதில் உடையும்படி இருக்கும்.

1913-ல் ஃப்ரிட்ஸ் கிளாட்டே என்ற ஜெர்மன் வேதியியலாளர் பிவிசி தயாரிப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் வேலை பார்த்த கம்பெனியாலும் அதைச் சந்தைக்குக் கொண்டுவர முடியவில்லை. 1920-களின் நடுவில் அந்தக் காப்புரிமை கைவிடப்பட்டது. கண்டுபிடித்து 50 வருஷத்துக்கு மேல் ஆகியும், பிவிசி லேப் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது.

பேராசிரியர் காட்டிய வேலை

வால்டோ லான்ஸ்பரி செமோன், 1898 செப்டம்பர் 10-ம் தேதி அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் உள்ள டெமாபொலிஸ் என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா சிவில் இன்ஜினீயர். வேலை எங்கே கிடைக்குதோ அங்கே குடும்பம் போகும். அதனால் செமோனின் சின்ன வயசு பல ஊர்களில் கழிந்தது.

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1920-ல் வேதிப் பொறியியல் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு மார்ஜரி என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். 1924-ல் டாக்டர் பட்டமும் முடித்தார். அங்கேயே பாடம் நடத்திக்கொண்டும் இருந்தார்.

அவருடைய முன்னாள் பேராசிரியர் ஹாரி ட்ரம்பல், ஒஹாயோ மாகாணம் ஆக்ரன் நகரில் இருந்த பி.எஃப்.குட்ரிச் கம்பெனியில் சேர்ந்திருந்தார். டயர், ரப்பர் பொருட்கள் தயாரிக்கும் பெரிய கம்பெனி அது. ட்ரம்பல் கூப்பிட, 1926-ல் செமோனும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

கேட்டது பசை, கிடைத்தது ஜெல்லி

செமோனுக்குக் கொடுத்த முதல் வேலை பிவிசியே இல்லை. இரும்பு டேங்குகளின் உட்புறத்தில் ரப்பரை ஒட்டுவதற்கு நல்ல பசை கண்டுபிடிக்கணும். அமிலம் மாதிரியான ரசாயனங்களை இரும்பு டேங்கில் வைத்தால் அரித்துவிடும். உள்ளே ரப்பர் விரித்தால் தாங்கும். ஆனால், இரும்போடு ரப்பர் சரியாக ஒட்டாதது அந்தக் காலத் தலைவலி.

வழி தேடிய செமோன், பயனில்லை என்று மற்றவர்கள் ஒதுக்கிய பிவிசியை எடுத்தார். அதிலுள்ள குளோரினில் கொஞ்சத்தை நீக்கினால் ரப்பர் மாதிரி ஒரு பொருள் கிடைக்கலாம், அது ரெண்டையும் ஒட்டலாம் என்பது அவர் கணக்கு. அதற்காக, எளிதில் ஆவியாகாத ஒரு திரவத்தில் பிவிசியைப் போட்டு நன்றாகச் சூடாக்கினார்.

பசை கிடைக்கவில்லை. ஆறிய பிறகு கிடைத்தது ஜெல்லி மாதிரி ஒரு பொருள். இழுத்தால் நீண்டது, விட்டால் பழைய நிலைக்கு வந்தது. தண்ணி ஏறவில்லை, அமிலமும் அரிக்கவில்லை. ஆனால், எதிலும் ஒட்டவும் இல்லை!

என்ன நடந்தது? பிவிசி என்பது நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் பொருள். அந்தத் திரவம் சங்கிலிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. சப்பாத்தி மாவில் எண்ணெய் விட்டுப் பிசைந்தால் மாவு மெதுவாகுது இல்லையா? கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். இப்படி பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருளுக்கு பிளாஸ்டிசைசர் என்று பெயர்.

ஆக, செமோனின் சாதனை பிவிசியைக் கண்டுபிடித்தது இல்லை. யாராலும் வளைக்க முடியாத பிவிசியை வளையவைத்ததுதான்.

மனைவியின் திரைச்சீலை

புதுப்பொருள் கிடைத்தாலும், கம்பெனிக்கு உடனே ஆர்வம் வரவில்லை. ஷூவுக்கு அடிப்பகுதி, கோல்ஃப் பந்து என்று செமோன் பலதும் செய்து காட்டினார். 1929-ல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. காசு வராத ஆராய்ச்சிக்கு எந்தக் கம்பெனியும் தயாராக இல்லை.

அப்போது நடந்ததாக ஒரு சம்பவம் இன்றும் சொல்லப்படுகிறது. அந்தக் காலத்தில் மழைக்கோட்டுத் துணியில் ரப்பர் தடவுவார்கள். நாளாக ஆக அது வெடிக்கும். மார்ஜரி வீட்டில் திரைச்சீலை தைப்பதைப் பார்த்த செமோனுக்கு, துணிமேல் தன்னுடைய பிவிசியைத் தடவினால் என்னன்னு தோன்றியது. அப்படித் தயாரித்த துணியை எடுத்துக்கொண்டு நேராக மேலதிகாரியின் அறைக்குப் போனார். மேஜைமேல் இருந்த ஃபைல் தட்டின்மேல் துணியை விரித்தார். பக்கத்தில் இருந்த தண்ணீர் ஜாடியை எடுத்து அப்படியே ஊற்றினார். கீழே இருந்த காகிதங்களில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

அதன்பிறகு 'கோரோசீல்' என்ற பெயரில் அந்தப் பொருள் சந்தைக்கு வந்தது. மழைக்கோட்டு, குடை, குளியலறைத் திரை என்று விற்பனை தொடங்கியது. 1933-ல் செமோனுக்குக் காப்புரிமையும் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது, கப்பல்களில் ஓடும் மின்கம்பிகளுக்கு மேலுறையாக மென்மையான பிவிசி பெரிய அளவில் பயன்பட்டது. ரப்பரைப் போல எளிதில் தீப்பிடிக்காது என்பதுதான் காரணம்.

போர்க்காலத்து டயர்

செமோனின் இன்னொரு வேலையும் முக்கியமானது. அமெரிக்காவுக்கு வேண்டிய இயற்கை ரப்பரில் பெரும்பகுதி தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. போர் வந்தால் அந்த வரத்து நின்றுவிடும் என்ற பயம் இருந்தது. செயற்கை ரப்பர் ஆராய்ச்சிக்கு குட்ரிச் கம்பெனியில் தலைமை தாங்கியவர்களில் செமோன் முக்கியமானவர். 1940-ல் 'அமெரிபோல்' என்ற செயற்கை ரப்பர் டயரை அந்தக் கம்பெனி அறிமுகம் செய்தது. பயந்த மாதிரியே, 1942-ல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போயின.

ரப்பர் ஆராய்ச்சிக்காக அவருக்கு 1944-ல் சார்லஸ் குட்இயர் பதக்கம் வழங்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் சேர்த்து 116 அமெரிக்கக் காப்புரிமைகள் அவர் பெயரில் உள்ளன. ஊதினால் பெரிய பெரிய குமிழ் வரும் செயற்கை பபிள் கம்மும் அவர் செய்து பார்த்தவற்றில் ஒன்று. கம்பெனி அதை விற்க முன்வரவில்லை.

சரி, பைப் எங்கிருந்து வந்தது?

செமோன் செய்தது வளையும் பிவிசி. தோட்டத்துக்குத் தண்ணி விடும் ஹோஸ், ஒயர் உறை, ரெக்சின் சீட் எல்லாம் இந்த வகை. சுவருக்குள் போகும் பைப் நேர் எதிர். அதில் பிளாஸ்டிசைசர் இருக்கவே கூடாது. ஹார்டுவேர் கடையில் யுபிவிசி என்று கேட்கிறோமே, அதில் முதலில் வரும் 'யு' என்ற எழுத்துக்கு பிளாஸ்டிசைசர் சேர்க்காதது என்றுதான் அர்த்தம்.

இந்தக் கடினமான பிவிசியைக் கருகவிடாமல் சூடாக்கிக் குழாயாக இழுக்கும் வழியை 1930-களில் உருவாக்கியவர்கள் ஜெர்மானியர்கள். சூட்டைத் தாங்கவைக்கும் ஸ்டெபிலைசர் என்ற பொருட்களைச் சேர்த்ததும், அழுத்தி இழுக்கும் இயந்திரங்கள் வந்ததும் அதைச் சாத்தியமாக்கின. 1936-லிருந்து மத்திய ஜெர்மனியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் சோதனைக்காக பிவிசி தண்ணீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டன.

போருக்குப் பிறகு நெதர்லாந்தில் அடுத்த பாய்ச்சல். ஓவரைசல் மாகாணக் குடிநீர் நிறுவனத்துக்கு, துருப்பிடித்து ஒழுகும் இரும்புக் குழாய்கள் பெரிய பிரச்சினையாக இருந்தன. அந்த நிறுவனமே 1955-ல் பிவிசி பைப் தயாரிக்க ஒரு கம்பெனியைத் தொடங்கியது. அதன் பெயர் 'வேவின்'. தண்ணீரைக் குறிக்கும் வார்த்தையின் பாதியும், வினைல் என்ற வார்த்தையின் பாதியும் சேர்ந்த பெயர் அது.

அப்படின்னா செமோனுக்கு இதில் என்ன பங்கு? பிவிசிக்கு ஒரு சந்தை உண்டு என்று கண்ணெதிரே நிரூபித்தவர்களில் அவர் முதல் வரிசையில் இருக்கிறார். மழைக்கோட்டுக்கும் மின்கம்பிக்கும் பிவிசி வேணும்னு ஆனபிறகுதான் பெரிய ஆலைகள் வந்தன, விலை இறங்கியது. விலை இறங்காமல் இருந்திருந்தால், இரும்பு பைப்போடு பிவிசி போட்டி போட்டிருக்க முடியாது.

வெந்நீருக்குத் தனி பைப் ஏன்?

சாதாரண பிவிசி பைப்புக்கு ஒரு பலவீனம் உண்டு, சூடு. இந்தியத் தர நிர்ணயப்படி யுபிவிசி பைப்பை 45 டிகிரி செல்சியஸ் வரைதான் பயன்படுத்தலாம். கீசரிலிருந்தோ சோலார் ஹீட்டரிலிருந்தோ வரும் தண்ணி 60 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் பைப் இளகித் தொங்கும், ஜாயின்ட் விடும்.

இதற்கும் செமோன் வேலை பார்த்த அதே குட்ரிச் கம்பெனிதான் வழி செய்தது. பிவிசியின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். அதை 63 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால், சூடு தாங்கும் திறன் கூடுகிறது. இதுதான் சிபிவிசி. 1950-களின் இறுதியில் இதைக் குழாயாக அந்தக் கம்பெனி கொண்டுவந்தது. சுமார் 90 டிகிரி வரை தாங்கும் என்பதால் வெந்நீர் லைனுக்கு ஏற்றது. குளோரினை எடுத்துவிடலாம் என்று தொடங்கியது செமோனின் சோதனை. அதே குளோரினைக் கூட்டித்தான் வெந்நீர் பைப் வந்தது.

பனி கொட்டும் நாடுகளில் தரைக்கு அடியில் வெந்நீர் ஓடவிட்டு வீட்டையே சூடாக்குவார்கள். அதற்கு வளைத்துப் பதிக்கக்கூடிய பெக்ஸ் என்ற பாலிஎத்திலீன் பைப்பை அதிகம் பயன்படுத்துகிறார்கள். திருச்சி வெயிலுக்கு அந்தத் தேவை இல்லை. நமக்கு பாத்ரூம் வரை வெந்நீர் போனால் போதும்.

மேட்டூர் வழியாக வந்த தொழில்நுட்பம்

செமோனின் கம்பெனிக்கும் காவிரிக்கும் ஒரு தொடர்பு உண்டு. திருச்சிக்குத் தண்ணி வரும் அதே மேட்டூரில், 1967-ல் கெம்பிளாஸ்ட் நிறுவனம் பிவிசி தயாரிப்பைத் தொடங்கியது. தொழில்நுட்ப ஒத்துழைப்பு கொடுத்தது பி.எஃப்.குட்ரிச். பிவிசிக்கு வேண்டிய குளோரின் சாதாரண உப்பிலிருந்து கிடைக்கும். இன்னொரு பாதியான எத்திலீனைப் பல நாடுகளில் பெட்ரோலியத்திலிருந்து எடுப்பார்கள். மேட்டூரில் ஆல்கஹாலிலிருந்து எடுத்தார்கள். சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து வரும் ஆல்கஹால் அது.

அடுத்த சில பத்தாண்டுகளில் ஜிஐ பைப்பின் இடத்தை பிவிசி பிடித்தது. போர்த் தண்ணியில் உப்பு அதிகமுள்ள ஊர்களில் இதன் பலன் நேரடியாகத் தெரிந்தது. இரும்பு பைப் உள்ளே துருப்பிடித்து வழி சுருங்கிவிடும். பிவிசி துருப்பிடிக்காது. எடை குறைவு, த்ரெட் போட வேண்டாம், ரம்பமும் சொல்யூஷனும் இருந்தால் போதும்.

செமோன் வாழ்நாளிலேயே வெளிவந்த இருண்ட பக்கம்

1963-ல் செமோன் குட்ரிச் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று, ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார். அதற்கு 11 வருஷம் கழித்து ஒரு அதிர்ச்சிச் செய்தி வந்தது.

கென்டக்கி மாகாணம் லூயிவில் நகரில் இருந்த குட்ரிச் ஆலையில் தொழிலாளர்கள் சிலர் கல்லீரல் ஆஞ்சியோசார்கோமா என்ற மிக அரிய புற்றுநோயால் இறந்திருந்தார்கள். ஒரே ஆலையில் இப்படி நடப்பது தற்செயல் இல்லை என்று ஆலை மருத்துவர் ஜான் கிரீச் கவனித்தார். 1974 ஜனவரியில் கம்பெனி இதை வெளியே அறிவித்தது. வினைல் குளோரைடு வாயுவைத் தொடர்ந்து சுவாசித்ததுதான் காரணம் என்பது உறுதியானது. அதுவரை அந்த வாயுவைச் சுவாசித்தால் பெரிய ஆபத்து இல்லை என்றே ஆலைகள் நடந்துகொண்டன. அதன்பின், தொழிலாளர் சுவாசிக்கும் காற்றில் 8 மணி நேரச் சராசரி பத்து லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க அரசு கட்டுப்படுத்தியது.

இந்த ஆபத்து இன்றும் தீரவில்லை. 2023 பிப்ரவரியில் அதே ஒஹாயோவின் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற ஊரில் சரக்கு ரயில் தடம் புரண்டபோது, டேங்கர்களில் இருந்தது வினைல் குளோரைடு. வெடிப்பைத் தவிர்க்க அதை எரித்தார்கள். ஊர் மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு குழப்பம் வேண்டாம். ஆபத்து அந்த வாயுவில். அது பிவிசியாக மாறிய பிறகு அதன் தன்மையே வேறு. பைப்பில் வரும் தண்ணீரைக் குடிப்பவரைவிட, அந்த பிவிசியைத் தயாரிக்கும் ஆலையில் வேலை பார்ப்பவருக்கும் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கும்தான் முதல் ஆபத்து.

வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: ஈயம். பிவிசியைக் கருகாமல் காக்கும் ஸ்டெபிலைசராகப் பல வருஷம் ஈயக் கலவைகள் சேர்க்கப்பட்டன. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கலக்கலாம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். பிவிசி பைப்பில் ஈயத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021-ல் தனி விதிகளைக் கொண்டுவந்தது. கால்சியம்-துத்தநாகம் போன்ற மாற்று ஸ்டெபிலைசர்கள் இப்போது கிடைக்கின்றன.

நூறு வயது வரை

1995-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் அரங்கில் செமோனின் பெயர் சேர்க்கப்பட்டது. அப்போது அவருக்கு 97 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. 1999 மே 26-ம் தேதி ஒஹாயோவின் ஹட்சன் நகரில் காலமானார். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது ஒதுக்கப்பட்டுக் கிடந்த பொருள், அவர் மறையும்போது உலகில் அதிகம் தயாராகும் பிளாஸ்டிக்குகளில் ஒன்றாக ஆகியிருந்தது.

பைப் வாங்கும்போது என்ன பார்க்கணும்?

செமோனின் கதையில் தெரிகிற விஷயம் ஒன்றுதான். பிவிசி என்பது ஒரே பொருள் இல்லை. அதில் என்ன சேர்க்கிறோம் என்பதை வைத்து அது ஹோஸ் ஆகலாம், குடிநீர் பைப் ஆகலாம், வெந்நீர் பைப்பும் ஆகலாம். அதனால்:

• குளிர்ந்த தண்ணீர் லைனுக்கு யுபிவிசி. பைப்பின்மேல் ஐஎஸ் 4985 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் அச்சாகியிருக்கணும்.

• வெந்நீர் லைனுக்கு சிபிவிசி. அதற்கு எண் ஐஎஸ் 15778. காசை மிச்சம் பிடிக்க கீசர் லைனில் சாதாரண பிவிசி போட்டால், சுவரை உடைக்கும் செலவு பின்னாடி வரும்.

• சோலார் ஹீட்டரின் வாயிலில் சூடு மிக அதிகம். அந்த முதல் துண்டை மெட்டலில் போட்டுவிட்டு, அப்புறம் சிபிவிசிக்கு மாறுவது நல்லது.

• குடிநீர் லைனாக இருந்தால் ஈயம் இல்லாத பைப்பா என்று கேட்டு வாங்கவும். மின்கம்பிக்கான பைப், கழிவுநீர் பைப் ஆகியவற்றைக் குடிநீருக்குப் போடவே கூடாது.

• யுபிவிசிக்கும் சிபிவிசிக்கும் சொல்யூஷன் வேறு. அது சாதாரண பசை இல்லை. ரெண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்கும். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருந்து, பிறகு தண்ணி விடவும்.

• மொட்டை மாடியில் வெயில் படும் பைப்புக்கு பெயின்ட் அடிக்கவும். சூரிய ஒளியில் பிவிசி நாளடைவில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.